நாக்கு புரளாத சிறுவன் ஷெர்லாக் ஹோம்ஸ் ஆனான்!



துப்பறியும் கதை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அதிலும் ஷெர்லாக் ஹோம்ஸ் கதை என்றால் கேட்கவே வேண்டாம்! ஒருவருடைய காலணியில் ஒட்டிய சேற்றைப் பார்த்தே, அவர் எங்கிருந்து வருகிறார் என்று சொல்லிவிடுவார் ஹோம்ஸ். ஒரு கைத்தடியில் பதிந்த பல் தடத்தைப் பார்த்து, அதன் சொந்தக்காரர் வளர்க்கும் நாய் எவ்வளவு பெரியது என்று கண்டுபிடித்துவிடுவார்.

இந்த ஹோம்ஸ் நிஜ மனிதர் அல்ல. இங்கிலாந்தில் மருத்துவராக இருந்த ஆர்தர் கோனன் டாயில் என்ற எழுத்தாளர் கற்பனையில் படைத்தவர். முதல் கதை 1887-ம் ஆண்டு வெளிவந்தது. 4 நாவல்கள், 56 சிறுகதைகள் என்று மொத்தம் 60 கதைகளில் ஹோம்ஸ் வருகிறார்.

நாடகம், சினிமா, டி.வி. என்று எத்தனையோ நடிகர்கள் ஹோம்ஸ் வேடம் போட்டிருக்கிறார்கள். ஆனால், புத்தகத்தில் இருந்த ஹோம்ஸ் அப்படியே எழுந்து வந்துவிட்டார் என்று வாசகர்கள் பலர் வியந்தது ஒரே ஒருவரைப் பார்த்துத்தான். அவர் பெயர் ஜெரமி பிரெட்.

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று தெளிவாகப் பேசும் அந்த நடிகர், சிறுவயதில் எப்படி இருந்தார் தெரியுமா? பேச முயன்றால் நாக்கு ஒத்துழைக்காது. படிக்க உட்கார்ந்தால் எழுத்துகள் ஒத்துழைக்காது! அப்படிப்பட்ட சிறுவன் எப்படி உயர்ந்தான்? வாருங்கள், நாமும் கொஞ்சம் துப்பறிந்து பார்ப்போம்.

ராணுவ வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் பகுதியில் பெர்க்ஸ்வெல் என்று ஓர் ஊர். அங்கே 1933-ம் ஆண்டு நவம்பர் 3-ம் தேதி ஜெரமி பிறந்தார். பெற்றோர் வைத்த முழுப்பெயர் பீட்டர் ஜெரமி வில்லியம் ஹக்கின்ஸ். நான்கு ஆண் பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி.

அப்பா ராணுவ அதிகாரி. போரில் வீரம் காட்டிப் பதக்கங்கள் பெற்றவர். அம்மா, சாக்லேட் செய்வதில் புகழ்பெற்ற கேட்பரி குடும்பத்துக்கு உறவினர். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால், வசதியால் தீர்க்க முடியாத கஷ்டங்கள் அந்தச் சிறுவனுக்கு இருந்தன.

முதல் கஷ்டம் பேச்சு. ஆங்கிலத்தில் 'ர' ஒலி அவருக்குச் சரியாக வராது. மழலை மாறாத குழந்தைகள் ராஜா என்பதை லாஜா என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதுபோன்ற தொல்லைதான். ஆனால், வளர்ந்த பிறகும் அது அவரை விடவில்லை. ஜெரமி என்ற அவருடைய பெயரிலேயே 'ர' இருக்கிறது பாருங்கள்! சொந்தப் பெயரைச் சொல்வதே ஒரு சிறுவனுக்குச் சிரமம் என்றால், அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

இரண்டாவது கஷ்டம் படிப்பு. ஈட்டன் என்ற மிகப் புகழ்பெற்ற பள்ளியில் அவரைச் சேர்த்தார்கள். அங்கே அவர் பாடங்களில் மிகவும் பின்தங்கினார். காரணம் சோம்பல் அல்ல. அவருக்கு டிஸ்லெக்சியா இருந்தது. இது ஒருவகைக் கற்றல் குறைபாடு. இது உள்ளவர்களுக்கு எழுத்துகளைக் கூட்டிப் படிப்பது, பிழையில்லாமல் எழுதுவது எல்லாம் மிகவும் கடினமாக இருக்கும். மற்றபடி, அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் காலத்தில் இதைப் பற்றிப் பலருக்குத் தெரியாது.

மூன்றாவது கஷ்டம் நோய். சிறுவயதில் அவருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. மூட்டுகளில் வலியைக் கொடுக்கும் இந்தக் காய்ச்சல், சிலருக்கு இதயத்தையும் பலவீனமாக்கிவிடும். ஜெரமியின் இதயமும் பாதிக்கப்பட்டது.

சரி, அவருக்கு நன்றாக வந்தது எது? பாட்டு! பள்ளியின் பாடகர் குழுவில் அருமையாகப் பாடினார். பாடும்போது அவருக்குத் தன்மீதே ஒரு நம்பிக்கை பிறந்தது.

தினமும் ஒரு பயிற்சி

பதின்வயதில் ஜெரமிக்குப் பேச்சுக் குறையைச் சரிசெய்ய ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆனால், அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாளே பேச்சு மணிமணியாக வந்துவிடவில்லை. நாக்கைப் பழக்க வேண்டியிருந்தது. அதற்காகப் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கினார்.

அந்தப் பயிற்சியை எத்தனை நாள் செய்தார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மாதமா? ஒரு வருடமா? இல்லை. பெரிய நடிகரான பிறகும் விடவில்லை! படப்பிடிப்பு இருந்தாலும் சரி, வீட்டில் சும்மா இருந்தாலும் சரி, தினமும் பேச்சுப் பயிற்சி செய்வது அவர் வழக்கம். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும் அல்லவா?

பள்ளிப் படிப்பு முடிந்ததும், நடிகன் ஆகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னார். ராணுவ அதிகாரியான அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. நடிப்பதானால் குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

பெயருக்கு எங்கே போவது? ஜெரமி தன்னுடைய கோட்டைப் பார்த்தார். அதைத் தைத்த கடையின் பெயர் உள்ளே துணிப்பட்டையில் இருந்தது. அதிலிருந்த பிரெட் என்ற பெயரையே எடுத்துக்கொண்டார். ஜெரமி ஹக்கின்ஸ், ஜெரமி பிரெட் ஆகிவிட்டார். புதுப் பெயரிலும் ஒரு 'ர' இருப்பதைக் கவனித்தீர்களா?

லண்டனில் பேச்சுக்கும் நாடகத்துக்கும் என்றே இருந்த சென்ட்ரல் பள்ளியில் சேர்ந்து நடிப்புக் கற்றார். 1954-ம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் முதன்முதலாகத் தொழில்முறை நாடக மேடை ஏறினார். பிறகு லண்டனின் புகழ்பெற்ற ஓல்ட் விக் அரங்கில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தார்.

1964-ல் வெளிவந்த 'மை ஃபேர் லேடி' என்ற ஹாலிவுட் படத்திலும் அவர் இருக்கிறார். 8 ஆஸ்கர் விருதுகளை வென்ற படம் அது. அதன் கதை என்ன தெரியுமா? பூ விற்கும் ஓர் ஏழைப் பெண்ணுக்கு, ஒரு பேராசிரியர் உச்சரிப்புச் சொல்லிக் கொடுக்கும் கதை! உச்சரிப்புக்காகத் தானே போராடிய ஒருவர் அந்தப் படத்தில் நடித்தது வேடிக்கைதான். அதைவிட வேடிக்கை, அதில் ஜெரமி பாடுவதுபோல வரும் பாட்டை வேறொருவர் பின்னணியில் பாடினார். நன்றாகப் பாடத் தெரிந்தும், தன் குரல் ஒலிக்காததை ஜெரமி பொறுத்துக்கொண்டார்.

புத்தகங்கள் டி.வி.க்கு வந்தன

குழந்தைகளே, இங்கிலாந்து டி.வி.க்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. புகழ்பெற்ற பழைய நாவல்களை எடுத்து, தொடராக ஒளிபரப்புவார்கள். அந்தக் காலத்து உடை, அந்தக் காலத்து வீடு, குதிரை வண்டி, மெழுகுவர்த்தி என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள்.

இது சுலபமான வேலை அல்ல. 100 வருடத்துக்கு முந்திய தெருவைக் காட்டும்போது, ஓரத்தில் ஒரு டி.வி. ஆன்டெனா தெரிந்துவிட்டால் போச்சு! நடிகரின் கையில் புதுமாதிரி கடிகாரம் இருந்தாலும் போச்சு! அதனால், காட்சியில் தெரியும் ஒவ்வொரு பொருளையும் சரிபார்க்க வேண்டும்.

இத்தகைய தொடர்களில் ஜெரமி நிறைய நடித்தார். 1966-ல் பி.பி.சி. தயாரித்த 'மூன்று வீரர்கள்' தொடரில் வாள் வீசும் டார்டன்யான் ஆக வந்தார். 1979-ல் 'ரெபெக்கா' என்ற மர்ம நாவலின் தொடரில் கதாநாயகன் ஆனார். 1980-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு ஹோம்ஸ் நாடகத்திலும் நடித்தார். ஆனால், அதில் அவர் ஹோம்ஸ் இல்லை. ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சன்! ஹோம்ஸ் எப்படிப்பட்டவர் என்பதை, பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு அவருக்கு முதலில் கிடைத்தது என்று சொல்லலாம்.

77 பக்கக் குறிப்பேடு

மான்செஸ்டரில் இருந்த கிரனாடா என்ற டி.வி. நிறுவனம், ஹோம்ஸ் கதைகளைத் தொடராக எடுக்க முடிவு செய்தது. தயாரிப்பாளர் மைக்கேல் காக்ஸ் ஓர் உறுதியோடு இருந்தார். டாயில் எழுதியது எதுவோ, அதைத்தான் எடுக்க வேண்டும்!

ஏன் அந்த உறுதி? அதற்கு முன் வந்த பல படங்கள் கதையை இஷ்டத்துக்கு மாற்றியிருந்தன. 1940-களில் வந்த ஹாலிவுட் படங்களில் ஹோம்ஸ் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜிகளைப் பிடிப்பார்! பாவம் டாக்டர் வாட்சனையோ அசட்டுப் பிசட்டென்று விழிக்கும் கோமாளியாக்கிவிட்டார்கள். புத்தகத்தில் வாட்சன் அப்படி இல்லை. போர்முனையில் பணியாற்றிய மருத்துவர், துணிச்சல்காரர், நல்ல நண்பர்.

ஹோம்ஸ் வேடத்துக்கு ஜெரமி பிரெட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு முதலில் தயக்கம். இத்தனை பேர் நடித்த வேடத்தில் தான் புதிதாக என்ன செய்துவிட முடியும் என்று யோசித்தார். பிறகு, விடை புத்தகத்திலேயே இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

கிரனாடா நிறுவனம் ஒரு குறிப்பேடு தயாரித்திருந்தது. மொத்தம் 77 பக்கங்கள். ஹோம்ஸ் என்ன சாப்பிடுவார், எப்படி உட்காருவார், யோசிக்கும்போது என்ன செய்வார் என்று டாயில் எழுதிய விவரங்களை எல்லாம் கதைகளிலிருந்து திரட்டி அதில் வைத்திருந்தார்கள். ஹோம்ஸ் வாழ்ந்த பேக்கர் தெருவையும் மான்செஸ்டரில் அப்படியே கட்டினார்கள். அந்தக் கதைகள் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் முதலில் வந்தபோது சிட்னி பேஜட் என்ற ஓவியர் படம் வரைந்திருந்தார். சில காட்சிகளை அந்தப் படங்களைப் போலவே அமைத்தார்கள். ஹோம்ஸ் என்றாலே நினைவுக்கு வரும் இரட்டை முனைத் தொப்பியை லண்டன் தெருக்களில் அணிவிக்கவில்லை. நகரத்தில் கனவான்கள் அணிந்த உயரமான கறுப்புத் தொப்பியையே ஜெரமி அணிந்தார்.

படிக்கச் சிரமப்பட்ட அந்தச் சிறுவன் இப்போது என்ன செய்தார் தெரியுமா? டாயிலின் கதைப் புத்தகத்தைப் படப்பிடிப்புக்குக் கையோடு கொண்டுவருவார். திரைக்கதையில் ஏதாவது மாறியிருந்தால், புத்தகத்தைப் புரட்டிக் காட்டி வாதாடுவார். எழுத்தாளர் எழுதியதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பார். வேகமாகப் படிக்க முடியாதவர்தான். ஆனால், அவரைப்போல அந்தக் கதைகளை ஆழமாகப் படித்தவர்கள் அந்தப் படப்பிடிப்பில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

புத்தகத்தில் சொல்லாததையும் அவர் யோசித்தார். ஹோம்ஸ் சிறுவயதில் எப்படி வளர்ந்திருப்பார்? யாரிடமும் ஒட்டாமல் இருக்கிறாரே, ஏன்? இதற்கெல்லாம் மனதுக்குள் ஒரு கதை அமைத்துக்கொண்டார். அதனால்தான் அவர் நடித்த ஹோம்ஸ் வெறும் மூளைக்காரராக மட்டும் இல்லாமல், தனிமையில் தவிக்கும் மனிதராகவும் தெரிந்தார்.

1984-ம் ஆண்டு ஏப்ரல் 24-ம் தேதி முதல் கதை ஒளிபரப்பானது. விரைவிலேயே ஜெரமி பிரெட் உலகம் அறிந்த ஹோம்ஸ் ஆகிவிட்டார்!

அருவியும் கண்ணீரும்

ஹோம்ஸ் கதைகளில் ஒன்றில், ஹோம்ஸும் அவருடைய பெரிய எதிரியான பேராசிரியர் மோரியார்ட்டியும் சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவிக்கு மேலே நின்று மோதுவார்கள். 1893-ல் அந்தக் கதையை எழுதி, ஹோம்ஸ் இறந்துவிட்டதாக டாயில் முடித்துவிட்டார். வாசகர்கள் கோபித்துக்கொண்டார்கள். 1903-ல் அவரை உயிரோடு திரும்ப அழைத்து வர வேண்டியதாயிற்று!

கிரனாடா குழுவினர் அந்தக் காட்சியை நிஜமான ரைகன்பாக் அருவிக்கே போய் எடுத்தார்கள். பயிற்சி பெற்ற சண்டைக் கலைஞர்கள் கம்பியில் தொங்கியபடி அருவிப் பள்ளத்துக்குள் விழுந்து காட்டினார்கள். 1985-ல் அது ஒளிபரப்பானது.

அதே ஆண்டில் ஜெரமியின் வாழ்க்கையிலும் பேரிடி விழுந்தது. அவர் மனைவி ஜோன் வில்சன், அமெரிக்க டி.வி.யில் தயாரிப்பாளர். இங்கிலாந்தின் நல்ல தொடர்களை அமெரிக்க மக்களுக்குக் கொண்டுசேர்த்தவர். 1985 ஜூலையில் அவர் புற்றுநோயால் இறந்துபோனார்.

துக்கத்தைச் சுமந்துகொண்டே ஜெரமி மீண்டும் வேலைக்கு வந்தார். அடுத்து எடுக்க வேண்டிய கதை, இறந்ததாக நினைத்த ஹோம்ஸ் திரும்பி வரும் கதை! வாட்சனாக நடித்த டேவிட் பர்க் விலகியிருந்ததால், எட்வர்ட் ஹார்ட்விக் என்ற புதிய வாட்சன் வந்தார். கதையில் ஹோம்ஸுக்கு வாட்சன் எப்படியோ, வாழ்க்கையில் ஜெரமிக்கு ஹார்ட்விக் அப்படி நல்ல நண்பர் ஆனார்.

ஆனால், 1986-ல் ஜெரமியின் மனம் உடைந்துபோனது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவருக்கு ஒரு மனநோய் இருப்பதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். சில நாட்கள் அளவுக்கு மீறிய உற்சாகம், சில நாட்கள் படுக்கையிலிருந்து எழவே முடியாத சோர்வு என்று மனதை ஆட்டிப் படைக்கும் நோய் அது. அதற்கு மருந்து சாப்பிடத் தொடங்கினார். மருந்தால் உடம்பில் நீர் சேர்ந்து வீங்கியது. சிறுவயதிலேயே பலவீனப்பட்ட இதயம் மேலும் தளர்ந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் அளவுக்கு மீறிப் புகைபிடிப்பவர். தினப் பயிற்சியை அவரிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். இதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள்!

கடற்கரையில் புதைத்த ஊசி

உங்களைப் போன்ற சிறுவர் சிறுமியர் பலர் தன் தொடரைப் பார்ப்பது ஜெரமிக்குத் தெரியவந்தது. அது அவரை யோசிக்க வைத்தது. ஏனென்றால், டாயிலின் கதைகளில் ஹோம்ஸுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வழக்கு எதுவும் இல்லாதபோது, போதை மருந்தை ஊசியால் ஏற்றிக்கொள்வார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அது சட்டப்படி குற்றமாக இருக்கவில்லை. அதன் கொடுமை இன்று நமக்கு நன்றாகத் தெரியும்.

புத்தகத்தை மாற்றக் கூடாது என்று எல்லோரிடமும் வாதாடியவர் அவர். இப்போது குழந்தைகளுக்காக ஒரு மாற்றம் வேண்டும் என்று அவரே விரும்பினார். என்ன செய்தார் தெரியுமா? டாயிலின் மகள் ஜீன் கோனன் டாயிலிடம் அனுமதி கேட்டார். அவரும் சம்மதித்தார்.

1988-ல் வந்த ஒரு கதையில், ஹோம்ஸ் கார்ன்வால் கடற்கரையில் அந்த ஊசியை மணலுக்குள் புதைத்துவிடுவார். ஹோம்ஸ் தன் கெட்ட பழக்கத்தை விட்டுவிட்டார்! அனுமதி பெற்று, அதுவும் ஒரு நல்ல காரணத்துக்காகச் செய்த மாற்றம் அது.

கடைசி நாட்கள்

ஆண்டுகள் செல்லச் செல்ல ஜெரமிக்கு மூச்சு வாங்கியது. முகம் உப்பியது. முன்புபோல் துள்ளி எழ முடியவில்லை. ஒரு கதையை எடுத்தபோது அவர் மருத்துவமனையில் இருக்க வேண்டியதாகிவிட்டது. அதனால், அந்த வழக்கை ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்ட் துப்பறிவதாகக் கதையை மாற்றினார்கள்!

இவ்வளவு நோயோடு அவர் நடித்திருக்க வேண்டுமா, ஓய்வு எடுத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். உடம்பைப் பேணுவதும் ஒரு கடமையே. ஆனால், 60 கதைகளையும் முடித்துவிட வேண்டும் என்ற ஆசை அவரை உட்கார விடவில்லை. 1994-ம் ஆண்டு ஏப்ரலில் தொடர் நின்றபோது 41 படங்கள் முடிந்திருந்தன. ஆசை நிறைவேறவில்லை.

மனநோய் என்றால் வெளியே சொல்ல வெட்கப்பட்ட காலம் அது. ஜெரமி வெட்கப்படவில்லை. 1995-ல் பி.பி.சி. வானொலியில் தன் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அதே நோயால் துன்பப்படுபவர்களுக்கு உதவும் சங்கத்துக்கு ஆதரவு தேடினார். நாக்கு புரளாத சிறுவன் பாடுபட்டுப் பெற்ற அந்தக் குரல், கடைசியில் மற்றவர்களின் துன்பத்துக்காக ஒலித்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 12-ம் தேதி, லண்டனில் தன் வீட்டில், இதயம் செயலிழந்து ஜெரமி பிரெட் காலமானார். அப்போது அவருக்கு வயது 61.

அதற்குப் பிறகும் புதிய ஹோம்ஸ்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2010-ல் தொடங்கிய ஒரு தொடரில் ஹோம்ஸ் செல்போனில்கூடத் துப்பறிந்தார். ஆனாலும், டாயிலின் புத்தகத்தில் உள்ள ஹோம்ஸைப் பார்க்க விரும்புபவர்கள் இன்றும் ஜெரமியின் தொடரைத்தான் தேடிப் பார்க்கிறார்கள்.

குழந்தைகளே! உங்கள் வகுப்பில் மெதுவாகப் படிக்கும் மாணவர் யாராவது இருக்கலாம். பேசும்போது வார்த்தை சிக்கிக்கொள்ளும் மாணவி யாராவது இருக்கலாம். அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர்கள் படித்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே படியுங்கள்.

அந்த மாணவர் நீங்களாகவே இருந்தால், சோர்ந்துபோகாதீர்கள். உங்கள் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் தயங்காமல் சொல்லுங்கள். தினமும் கொஞ்சம் பயிற்சி செய்யுங்கள். எத்தனை பக்கம் படித்தோம் என்பது பெரிதல்ல. படித்ததை எவ்வளவு கவனித்தோம் என்பதுதான் பெரிது. ஷெர்லாக் ஹோம்ஸின் வெற்றி ரகசியமும் அதுதான், ஜெரமி பிரெட்டின் வெற்றி ரகசியமும் அதுதான்!